தேதியை நம்பித்தான் லீவு போடுகிறோம்: ஃபிஃபாவுக்கு ஒரு திறந்த மடல்

ஃபிஃபா தலைவர் ஜியானி இன்ஃபான்டினோ அவர்களுக்கும் கவுன்சில் உறுப்பினர்களுக்கும்,

2030 உலகக் கோப்பையின் தொடக்க ஆட்டங்களை உருகுவே, அர்ஜென்டினா, பராகுவே மூன்றுக்கும் ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டு, மீதிப் போட்டியை ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோவில் நடத்துவதென்று 2024 டிசம்பர் 11 அன்று கைதட்டி நிறைவேற்றிவிட்டீர்கள். அந்த முடிவைத் திருப்பச் சொல்லி நாங்கள் எழுதவில்லை. அந்த ஆட்டங்களுக்கு முதல் டிக்கெட்டை விற்பதற்கு முன், கேலரியில் உட்காரப் போகிறவருக்கு என்னென்ன உத்தரவாதம் என்பதை எழுத்தில் தாருங்கள் என்றுதான் கேட்கிறோம். வாய்வார்த்தை போதாது என்று நாங்கள் நினைப்பதற்குக் காரணம் 2022 நவம்பர் 20. இடம், கத்தாரின் அல் கோர் நகரில் உள்ள அல் பைத் மைதானம்.

முதலில் தேதி. 2020 ஜூலையில் நீங்கள் வெளியிட்ட அட்டவணையில் தொடக்க ஆட்டம் நவம்பர் 21, பகல் 1 மணி. 2022 ஏப்ரல் 1 அன்று அணிகளைக் குழுக்களாகப் பிரிக்கும் குலுக்கல் முடிந்ததும் கத்தார் - ஈக்வடார் ஆட்டத்தை அதே நாள் இரவு 7 மணிக்குத் தள்ளினீர்கள். பகல் 1 மணி செனகல் - நெதர்லாந்துக்குப் போனது, 4 மணி இங்கிலாந்து - ஈரானுக்கு. ஆக, 'தொடக்க ஆட்டம்' என்று பெயர் போட்ட ஆட்டம் அன்றைய மூன்றாவது ஆட்டம். பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடக்கூடிய இந்தக் கோளாறு உங்கள் கண்ணில் பட நாலு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. ஆகஸ்ட் 11 அன்று, ஏறக்குறைய 100 நாள் இருக்கும்போது, ஆட்டத்தை ஒருநாள் முன்னுக்கு, ஞாயிற்றுக்கிழமைக்கு இழுத்தீர்கள். அதற்குள் ஏறக்குறைய 24.5 லட்சம் டிக்கெட் விற்றாகியிருந்தது.

நீங்கள் சொன்ன காரணம் மரபு. முதல் ஆட்டத்தில் போட்டியை நடத்தும் நாடோ, நடப்புச் சாம்பியனோ ஆட வேண்டுமாம். 1974 முதல் 2002 வரை சாம்பியன் ஆடியது, 2006 முதல் நடத்தும் நாடு ஆடுகிறது, அதெல்லாம் சரி. ஆனால் இப்போது நூற்றாண்டு கொண்டாடுகிறீர்களே, உருகுவேயில் முதல் உலகக் கோப்பை நடந்த அந்த 1930இல் என்ன நடந்தது? ஜூலை 13 அன்று பிரான்ஸ் - மெக்சிகோ, அமெரிக்கா - பெல்ஜியம் என்று இரண்டு ஆட்டங்கள் ஒரே நேரத்தில் தொடங்கின. உருகுவே களத்தில் இறங்கியது 18ஆம் தேதி, அதுவும் சென்டெனாரியோ மைதானத்தைக் கட்டி முடிக்கக் காத்திருந்து. மரபு அப்படி வளைந்து கொடுக்கிற சாமானாகத்தான் தொடக்கத்திலிருந்தே இருந்திருக்கிறது. வளைய முடியாதது விமான டிக்கெட்.

ஒருநாள் முன்னுக்கு வந்தால் என்ன குடிமுழுகிப் போகிறது என்று சூரிச் தலைமையகத்தில் உட்கார்ந்து கேட்கலாம். வெளிநாட்டிலிருந்து வருகிற ஒருவர் நவம்பர் 21 காலையில் தோஹாவில் இறங்கும்படி விமானம் போட்டிருந்தார் என்று வையுங்கள். புதிய அட்டவணைப்படி அவருடைய ஆட்டம் முந்தின நாள் இரவே முடிந்துவிடும். தேதி மாற்ற விமான நிறுவனத்துக்கு அபராதம் ஒன்று, உலகக் கோப்பைக்கால விலையில் கட்டண வித்தியாசம் ஒன்று. தங்குமிடத்தில் கூடுதலாக ஓர் இரவு. ரசிகர்களுக்கான நுழைவு அனுமதியான ஹய்யா அட்டைக்குத் தங்குமிட விவரம் கொடுத்தாக வேண்டும் என்பதால் அங்கேயும் திருத்தம். அப்புறம் அலுவலகம். மேலதிகாரி ஏற்கெனவே முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்ட லீவுக் கடிதத்தைத் திரும்ப எழுதிக்கொண்டு போக வேண்டும். டிக்கெட் புதிய தேதிக்கும் செல்லும் என்றும், பாதிப்பு இருந்தால் தனித்தனியாகப் பரிசீலிப்போம் என்றும் அறிவித்தீர்கள். தனித்தனியாகப் பரிசீலிப்பது என்றால் ஒவ்வொருவரும் மின்னஞ்சல் போட்டுவிட்டுக் காத்திருப்பது. டிக்கெட் வாங்கியவர் பெயர், நாடு, இருக்கை எண் வரை உங்கள் கணினியில் இருக்கும்போது எதற்காக அவர் வந்து கெஞ்ச வேண்டும்?

இதில் அதிகம் பேசப்படாத அடி விழுந்தது செனகல் - நெதர்லாந்து ஆட்டத்துக்கு டிக்கெட் வைத்திருந்தவர்களுக்கு. அவர்களுக்குத் தேதி மாறவில்லை, பகல் 1 மணி இரவு 7 மணி ஆனது. கத்தார் சின்ன நாடு, ஒரே நாளில் இரண்டு ஆட்டம் பார்க்கலாம் என்பது நீங்களே செய்த விளம்பரம். பகல் 1 மணிக்கு அல் துமாமாவில் ஓர் ஆட்டம், இரவு 10 மணிக்கு அகமது பின் அலியில் அமெரிக்கா - வேல்ஸ் என்று வாங்கியிருந்தவருக்கு நடுவில் ஏழு மணி நேரம் கிடைத்திருக்கும். மாற்றத்துக்குப் பிறகு ஒரு மணி நேரம். அல் துமாமாவுக்குப் பக்கத்தில் மெட்ரோ கிடையாது. ஃப்ரீ சோன் நிலையத்துக்கு ஷட்டில் பஸ் பிடித்து, ரெட் லைனில் ஏறி, கிரீன் லைனுக்கு மாறி, அல் ரிஃபாவில் இறங்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் இது நடக்காது. இரண்டாவது ஆட்டத்தைப் பிடிக்க 80ஆவது நிமிடத்தில் எழுந்து போனவர், 84ஆவது நிமிடத்தில் நெதர்லாந்தின் கக்போ தலையால் அடித்த கோலையும் 90+9இல் கிளாசன் அடித்ததையும் சேர்த்தே இழந்தார். அந்த ஆட்டத்தின் இரண்டு கோல்களும் அவ்வளவுதான். ஆட்டம் நின்ற நேரத்துக்கு ஈடாகக் கூட்டும் இஞ்சுரி டைமைத் தாராளமாகக் கொடுக்கச் சொன்னதும் நீங்கள்தான் (அன்றைய இங்கிலாந்து - ஈரான் ஆட்டத்தில் இரண்டு பாதியும் சேர்த்து ஏறக்குறைய 27 நிமிடம்). நல்ல முடிவு, வரவேற்கிறோம். ஆனால் ஒரு துறை நீட்டுகிற நேரம் இன்னொரு துறை போடுகிற அட்டவணையில் ஏற வேண்டாமா?

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். டிவியில் பார்த்தவர்களுக்கு இந்த மாற்றம் லாபம். இந்தியாவிலும் இலங்கையிலும் திங்கள் இரவு 9.30 ஞாயிறு இரவு 9.30 ஆனது, அந்த நேரத்தில் வேறு ஆட்டமும் இல்லை. யாருக்காக மாற்றினீர்கள் என்பது அதிலேயே தெரிகிறது.

மைதானத்தைச் சுற்றி மது விற்பனை கிடையாது என்று நவம்பர் 18 அன்று அறிவித்ததையும் இதே கணக்கில்தான் சேர்க்கிறோம். விற்பதா வேண்டாமா என்பது அந்த நாட்டின் விருப்பம், அதில் எங்களுக்கு வழக்கு இல்லை. பல ஆண்டுகளாக ஒன்றைச் சொல்லிவிட்டு, இரண்டு நாள் இருக்கும்போது வேறொன்றைச் சொன்னதில்தான் வழக்கு.

அடுத்தது விலை. 2022இல் சாதாரணக் குழு ஆட்டத்துக்கு மூன்றாம் வகை டிக்கெட் 250 ரியால், தொடக்க ஆட்டத்துக்கு 1,100. முதல் வகை 800க்குப் பதில் 2,250. கத்தாரில் வசிப்பவர்களுக்கென்று ஒதுக்கிய நான்காம் வகை 40 ரியால் என்று பெருமையாகச் சொன்னீர்கள். தொடக்க ஆட்டத்துக்கு அதுவே 200. அந்த நாட்டின் குறைந்தபட்ச மாத ஊதியம் 1,000 ரியால். அந்த மைதானங்களையும் சாலைகளையும் கட்டிய தெற்காசியத் தொழிலாளர்களில், அவர்களில் தமிழர்களும் உண்டு, அடிப்படைச் சம்பளக்காரர் ஒருவருக்கு தொடக்க ஆட்டத்தின் கடைசி வகை இருக்கை மாதச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு. மற்ற ஆட்டத்துக்கு 25இல் ஒரு பங்கு.

ஏறக்குறைய மூன்று முதல் ஐந்து மடங்கு வரை எதற்கு? ஆட்டத்துக்கா? 1966, 1970, 1974, 1978 என்று தொடர்ந்து நான்கு உலகக் கோப்பைகளின் முதல் ஆட்டம் கோலே இல்லாமல் முடிந்தது. முதல் ஆட்டம் என்றாலே இரண்டு அணிகளும் பயந்து பயந்து ஆடும், கால்பந்து பார்க்கிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அப்படியானால் விலை விழாவுக்கு. அந்த விழாவும் முதன்மைக் கேமராவையும் விருந்தினர் மாடத்தையும் பார்த்து அமைக்கப்படுகிறது. எதிர்ப்பக்கமும் கோலுக்குப் பின்னாலும் இருப்பவர்களுக்குக் கிடைப்பது கலைஞர்களின் முதுகு. டிவியில் இலவசமாக முகம், மைதானத்தில் காசு கொடுத்து முதுகு.

2026க்கு நீங்கள் கொண்டுவந்த, தேவைக்கேற்ப ஏறி இறங்கும் விலைமுறையையும் இங்கே பேச வேண்டும். அதிகாரப்பூர்வ மறுவிற்பனைத் தளத்தில் விற்பவரிடம் 15 சதவீதம், வாங்குபவரிடம் 15 சதவீதம் பிடிக்கிறீர்கள். வர முடியாமல் போன ரசிகர் 100 டாலருக்கு விட்டால் அவர் கைக்கு 85 போகிறது, வாங்குபவர் 115 தருகிறார், நடுவில் இருக்கும் உங்களுக்கு 30. நீங்களே தேதியை மாற்றி, அதனால் வர முடியாமல் போய், உங்கள் தளத்திலேயே விற்று, உங்களுக்கே கமிஷன் கட்டுகிற நிலை நாளைக்கு ஒருவருக்கு வராது என்று உங்கள் விதிகளில் எங்கே இருக்கிறது?

இனி மைதானத்துக்குள். 2022 தொடக்க ஆட்டத்தன்று அதிகாரப்பூர்வக் கணக்கு 67,372 பேர். அல் பைத் தோஹாவிலிருந்து வடக்கே 35 கிலோமீட்டருக்கு மேல். மெட்ரோ லுசைல் வரைதான், அங்கிருந்து பஸ். வருவதில் பெரிய சிக்கல் இருக்காது, மூன்று நான்கு மணி நேரத்தில் பரவி வருவார்கள். போவதுதான் சிக்கல், ஏனென்றால் விசில் ஊதியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுவார்கள். மைதானக் கொள்ளளவைச் சொல்லும்போது வாசல்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்களுக்கு முக்கியம் நிமிடத்துக்கு எத்தனை பஸ் நகர்கிறது என்பது. நாங்கள் போட்ட தோராயக் கணக்கு இது: பாதிப் பேர் பஸ்ஸை நம்பி வந்திருந்தால் 33,000 பேர். பஸ்ஸுக்கு 50 பேர் என்றால் 660 நடை. பத்து நொடிக்கு ஒரு பஸ் இடைவிடாமல் கிளம்பினாலும் கடைசி ஆள் ஏற 110 நிமிடம், அதாவது இன்னொரு முழு ஆட்டம். பத்து நொடிக்கு ஒன்று கிளம்ப வேண்டுமானால் ஒரே வரிசையில் ஏற்றி ஆகாது. ஒரு பஸ்ஸில் 50 பேர் ஏறி உட்கார மூன்று நிமிடமாவது பிடிக்கும். ஆக 18 பஸ்களில் ஒரே நேரத்தில் ஆள் ஏற வேண்டும், பின்னால் அடுத்த 18 தயாராக நிற்க வேண்டும், வெளியேறும் பாதை நடந்து போகிறவர்களின் பாதையை எங்கும் வெட்டக்கூடாது. ஒரு இடத்தில் வெட்டினாலும் மொத்த வரிசையும் நிற்கும்.

இதைத் தெரிந்தவர்கள் என்ன செய்வார்கள்? முன்னாடியே கிளம்புவார்கள். அன்று இடைவேளைக்குப் பிறகு இருக்கைகள் காலியானதை உலகமே பார்த்துச் சிரித்தது. 16ஆவது நிமிடத்தில் பெனால்டி, 31ஆவது நிமிடத்தில் தலையால் இன்னொன்று என்று ஈக்வடாரின் என்னர் வலென்சியா ஆட்டத்தை அப்போதே முடித்துவிட்டார் என்பது உண்மை. நடத்தும் நாடு தன் முதல் ஆட்டத்திலேயே தோற்றது உலகக் கோப்பை வரலாற்றில் அதுவே முதல் முறை. ஆனால் எழுந்து போன எல்லாரையும் 'கால்பந்து தெரியாதவர்கள்' என்று எழுதியது அநியாயம். மறுநாள் திங்கள், அந்த ஊரில் வேலை நாள். ஞாயிறும் அங்கே வேலை நாள்தான். காலை ஷிஃப்டுக்குப் போகிறவருக்குக் கடைசி அரைமணி நேர ஆட்டத்தைவிடப் பஸ் வரிசையில் இடம் முக்கியம்.

அதே இரவு தோஹாவில், அல் பித்தா பூங்காவின் ரசிகர் திடலில் 40,000 பேருக்குத்தான் இடம். அதற்கு மேல் வந்தவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று, வாசலில் நெரிசல். மறுநாள் கலீஃபா மைதான வாசலில் உங்கள் டிக்கெட் செயலி பலருக்குத் திறக்கவில்லை. கோளாறு என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். மொபைலில் மட்டும் டிக்கெட் என்றால் என்னவெல்லாம் தவறும் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. ஆயிரக்கணக்கானோர் ஒரே டவரில் தொங்கும்போது நெட் வராது. வெளிநாட்டு சிம்முக்கு ரோமிங் இருக்காது. காலையிலிருந்து வழிகாட்டிக்கும் மெட்ரோவுக்கும் ஓடிய பேட்டரி மாலையில் நாலு சதவீதத்தில் நிற்கும். நால்வர் குடும்பத்தின் டிக்கெட்டும் ஒரே போனில் இருந்தால், அந்தப் போன் போனால் நால்வரும் வெளியே. காகிதம் இதில் எதற்கும் அஞ்சாது.

கடைசியாக, அந்தக் கத்தார் - ஈக்வடார் ஆட்டத்தின் மூன்றாவது நிமிடம். வலென்சியா தலையால் முட்டிப் பந்து வலைக்குள் போயிற்று, ஈக்வடார் பக்கம் கொண்டாடி முடித்தாயிற்று, பிறகு கோல் இல்லை என்றார் நடுவர் ஒர்சாட்டோ. ஏன் என்று கேலரியில் யாருக்கும் தெரியவில்லை. முடிவு சரியானதுதான். ஃப்ரீ கிக்கில் கத்தார் கோல்கீப்பர் முன்னேறி வந்து, ஃபெலிக்ஸ் டோரஸுடன் மோதிப் பந்தைத் தவறவிட்டார். டோரஸிடமிருந்து பந்து போன எஸ்ட்ராடாவின் கால் ஆஃப்சைடு (பந்து தட்டப்படும் நொடியில் எதிரணியின் கடைசியிலிருந்து இரண்டாவது ஆளைத் தாண்டிக் கோல் பக்கம் இருப்பது). பார்க்கிறவருக்குக் குழப்பம் எங்கே வந்ததென்றால், கோல் கோட்டுப் பக்கம் ஒரு கத்தார் ஆட்டக்காரர் நின்றார். சாதாரணமாகக் கோல்கீப்பர் பின்னால் இருப்பார், அவருக்கு முன்னால் இருக்கும் கடைசித் தடுப்பாட்டக்காரரை வைத்துக் கோடு போடுவோம். கீப்பர் வெளியே வந்துவிட்டால் அந்தக் கணக்கு செல்லாது. விதி கேட்பது கடைசியிலிருந்து இரண்டாவது ஆளை, அவர் யாராக இருந்தாலும். இதை ஒரே வாக்கியத்தில் ஒலிபெருக்கியில் சொல்லியிருந்தால் முடிந்தது. ஆஃப்சைடைக் கண்டுபிடிக்கக் கூரைக்கடியில் 12 கேமரா, அவை ஒவ்வோர் ஆட்டக்காரரின் உடலிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 முறை கவனிப்பது, பந்துக்குள் நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பும் சென்சார் என்று எல்லாம் இருந்தும், காசு கொடுத்து உள்ளே இருந்தவருக்கு ஒரு வாக்கியம் இல்லை. விளக்கம் இல்லாத இடத்தில் வதந்தி முளைக்கும். அன்று இரவே 'விலைக்கு வாங்கிய முடிவு' என்று பரவியது, சரியான முடிவு எடுத்த நடுவர் குழு வீண் பழி சுமந்தது.

செய்ய முடியாத காரியத்தை நாங்கள் கேட்கவில்லை. 2023 மகளிர் உலகக் கோப்பையின் தொடக்க ஆட்டத்தில், ஆக்லாந்து ஈடன் பார்க்கில், நடுவர் யோஷிமி யமஷிதா வி.ஏ.ஆர். (வீடியோ உதவி நடுவர்) முடிவை மைக்கில் சொன்னார். அதே நாள் சிட்னியில் நடந்த ஆஸ்திரேலியா - அயர்லாந்து ஆட்டத்துக்கு டிக்கெட் கேட்டவர்கள் பெருகியபோது, ஆறு மாதம் முன்னதாகவே அதே ஊரில், அதே தேதியில், பெரிய மைதானத்துக்கு மாற்றினீர்கள். 75,784 பேர் பார்த்தார்கள். ஒரு மாற்றத்தை எப்படிச் செய்ய வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும் என்பதற்கு அது சாட்சி.

எனவே எங்கள் கோரிக்கைகள்.

டிக்கெட் விற்பனை தொடங்கிய பிறகு தொடக்க ஆட்டத்தின் தேதியையும் நேரத்தையும், இயற்கைச் சீற்றம், பாதுகாப்பு ஆகிய காரணங்களுக்கன்றி மாற்றக்கூடாது. உங்கள் விருப்பத்தால் மாற்றினால், அந்த ஆட்டத்துக்கும் அதனால் நேரம் நகரும் மற்ற ஆட்டங்களுக்கும் டிக்கெட் வைத்திருக்கும் எல்லாருக்கும், அவர்கள் கேட்காமலேயே, முழுப் பணத்தையும் திரும்பப் பெறும் வாய்ப்பு தர வேண்டும். அதோடு பயணச் செலவுக்கென்று முன்கூட்டியே அறிவித்த ஒரு தொகையும் தர வேண்டும். அந்த டிக்கெட்டை மறுவிற்பனைக்கு விடுபவரிடமும் வாங்குபவரிடமும் கமிஷன் பிடிக்கக்கூடாது.

2030க்குத் தனியாக ஒன்று. மான்டிவிடியோ, புவனோஸ் ஐரிஸ், அசுன்சியோன் ஆட்டங்களில் உள்ளூர் அணி எது என்பது தெரியும், எதிரணி குலுக்கலில்தான் தெரியும். ஸ்பெயினில் மூன்று குழு ஆட்டங்களும் பார்க்கலாம் என்று எண்ணிப் பணம் சேர்த்தவரின் அணி திடீரென்று புவனோஸ் ஐரிஸில் முதல் ஆட்டம் ஆடினால், அங்கிருந்து மாட்ரிட்டுக்கு 10,000 கிலோமீட்டர், 12 மணி நேர விமானம். ஆகவே மூன்று ஆட்டங்களின் தேதி, தொடங்கும் நேரம், மைதானம் ஆகியவற்றைக் குலுக்கலுக்கு முன்பே அறிவியுங்கள். அணியைப் பின்தொடரும் டிக்கெட் தொகுப்பை விற்றால், தென் அமெரிக்க ஆட்டத்தை மட்டும் கழித்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளும் உரிமையை, குலுக்கலுக்குப் பின் 30 நாள் வரை, அபராதமின்றிக் கொடுங்கள்.

தொடக்க ஆட்டத்தின் விலை மற்றக் குழு ஆட்டங்களின் விலையாகவே இருக்கட்டும். விழாவுக்குக் காசு வேண்டுமென்றால் விருந்தினர் மாடத்தில் வசூலியுங்கள்.

ஒவ்வொரு தொடக்க ஆட்ட மைதானத்துக்கும், ஆட்டம் முடிந்தபின் மணிக்கு எத்தனை பேரை எந்த வண்டியில் வெளியேற்ற முடியும், கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்ற கணக்கை 60 நாள் முன்பே வெளியிடுங்கள். 90 நிமிடத்துக்குள் எல்லாரையும் அனுப்ப முடியாத மைதானத்தில் இரவு ஆட்டம் வைக்காதீர்கள்.

கேட்பவருக்குக் காகித டிக்கெட் கொடுங்கள். வாசலில் செயலி நின்றுபோனால் பாஸ்போர்ட்டையும் பதிவையும் சரிபார்த்து உள்ளே விடும் மேசை ஒன்றை ஒவ்வொரு நுழைவாயிலிலும் போடுங்கள்.

கோல் மறுக்கப்பட்டால், ஆட்டம் மீண்டும் தொடங்குமுன் நடுவர் காரணத்தை மைக்கில் சொல்ல வேண்டும். ஆஃப்சைடு படம் டிவிக்குப் போகும் அதே நேரத்தில் மைதானத் திரையிலும் வர வேண்டும்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள் என்பதை 2030 டிக்கெட் விற்பனை அறிவிப்புக்கு முன் உங்கள் இணையதளத்தில் எழுத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கேலரியில் உட்காரும் தமிழ் ரசிகர்கள்